காகித நிழலுருவத்தை வெட்டிச் சட்டமிடுவது எப்படி?

ஆயர் ஈத்தாம் வாசகி:

வணக்கம். என் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு, இருவரின் பக்கவாட்டு முகங்களையும் கறுப்புக் காகிதத்தில் வெட்டி, ஒருவரையொருவர் நோக்கியபடி ஒரே சட்டத்தில் அமைத்துத் தர விரும்புகிறேன். சுவரில் விழும் நிழலை வரைந்துகொள்வது நல்லதா, புகைப்படத்திலிருந்து எடுப்பது நல்லதா? அம்மாவின் கொண்டையும் ஜிமிக்கியும் தெரிந்தே ஆக வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் எங்கள் வீட்டுப் பழைய படமொன்று கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சணம் பூத்துவிட்டதால், சட்டமிடும் முறையையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

சகோதரிக்கு வணக்கம். டியூப் லைட் போன்ற நீண்ட விளக்கில் விழும் நிழலின் ஓரம் மங்கலாகவே இருக்கும்; கைபேசியின் டார்ச் போன்ற சிறிய ஒளிமூலத்தைத் தொலைவில் வைத்து, முகத்தைச் சுவருக்கு மிக அருகில் நிறுத்தினால்தான் கோடு கூர்மையாக விழும். விளக்கு மூன்று மீட்டரிலும் முகம் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டரிலும் இருந்தால் நிழல் சுமார் ஐந்து விழுக்காடுதான் பெரிதாகும். ஆனால் அப்பா, அம்மாவை அசையாமல் உட்கார வைக்க வேண்டும். பரிசின் இரகசியமும் போய்விடும். ஆகவே புகைப்படமே உங்களுக்கு ஏற்றது. சன்னல் வெளிச்சம் முகத்துக்குப் பின்னால் இருக்கும்படி, கேமராவை முக உயரத்தில் பிடித்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். அருகில் நின்றால் மூக்கு பெரிதாகத் தெரியும்.

வெட்டும்போது கத்தரிக்கோலை அசைக்காமல் காகிதத்தைத் திருப்புங்கள். நெற்றியிலிருந்து தாடை வரையிலான கோட்டில்தான் ஆள் அடையாளம் இருக்கிறது என்பதால், கை களைப்படையும் முன் அதை முதலில் முடித்துவிடுவது நல்லது. காகிதத்தின் பின்புறத்தில் வரைந்து வெட்டினால் முன்புறத்தில் முகம் எதிர்த்திசையில் திரும்பிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜார்ஜ் டவுன், கைவினை ஆர்வலர்:

கொண்டை தலையின் வெளிக்கோட்டில் வருவதால் அதில் சிக்கல் இல்லை, ஜிமிக்கிதான் கேள்வி. பக்கவாட்டில் அது கழுத்தின் மேலேயே விழுவதால், முழுக் கறுப்பில் மறைந்துபோகும். கத்தி நுனியால் அதைச் சுற்றி மெல்லிய இடைவெளி வெட்டலாம், அல்லது பொன்னிற மையால் சில புள்ளிகள் வைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலைஞர்கள் பலர் கூந்தலிலும் நகையிலும் அவ்வாறு பொன்பூச்சு செய்தார்கள்; ஆனால் பிரெஞ்சு வெட்டுக்கலைஞர் ஓகஸ்ட் எதுவார், கத்தரிக்கோலின் கோடு மட்டுமே பேச வேண்டும் என்ற பிடிவாதத்தில் அதை ஏற்கவில்லை. காகிதத்தை மடித்து வெட்டி, ஒரு படியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் அவருடைய வழக்கம் நமக்கும் உதவும்: நீங்களும் இரண்டு படிகள் வெட்டினால் நன்றாக வந்ததைச் சட்டமிடலாம். ஜிமிக்கிக்கு மட்டும் நான் உங்கள் அம்மாவின் பக்கம், இடைவெளி வெட்டிவிடுங்கள்.

செந்தூல், படச்சட்டத் தொழில் செய்பவர்:

பூஞ்சணத்துக்குக் காரணம் காகிதம் கண்ணாடியைத் தொட்டதுதான். நடுவில் சன்னல் போல் வெட்டிய அமிலமற்ற மவுண்ட் அட்டையை இடையில் வைத்தால் கண்ணாடிக்கும் உருவத்துக்கும் நடுவே காற்று இருக்கும். ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டாம். அதைத் தேடிப் பூச்சி வரும். அமிலமற்ற பசையை உருவத்தின் நடுப்பகுதியில் மட்டும் இரண்டு மூன்று சிறு புள்ளிகளாக வைத்தால் போதும், ஏனெனில் முழுப்பரப்பிலும் தடவினால் ஈரத்துக்குக் காகிதம் நெளியும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறு ரப்பர் துண்டுகளை ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டுங்கள். மழை நேரடியாக மோதும் வெளிச்சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகவே ஆகாது.

ஆயர் ஈத்தாம் வாசகி:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: இருவரையும் வலப்புறத்திலிருந்தே படமெடுத்திருந்தால் என்ன செய்வது?

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

கவலை வேண்டாம். இருபுறமும் கறுப்பாக உள்ள காகிதத்தில் வெட்டி, ஒன்றைத் திருப்பி ஒட்டிவிடுங்கள். இருவருக்கும் தலை அளவு மட்டும் பொருந்த வேண்டும். அச்செடுக்கும்போதே அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.