மூணே கால் மணி

"பூங்காவனம் பாட்டி வம்சம்" குழு, சனிக்கிழமை

தனம் சித்தி (காலை 6.12): கார்த்தி, நீ அனுப்பிய ஆவணப்படத்தை எதற்குத்தான் பார்த்தேனோ. ராத்திரி சட்டென்று விழிப்பு வந்துவிட்டது. ஹாலில் மணி பார்த்தால் மூணே கால். அப்புறம் விடியும் வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார்த்தி (9.05): அமிட்டிவில்லா சித்தி? ராத்திரியில் பார்க்காதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேனே.

அம்மா (9.07): எந்த வில்லா? யார் வாங்கியிருக்கிறார்கள்?

நித்யா (9.07): அம்மா 😂 வில்லா இல்லை. அமிட்டிவில் என்று ஒரு ஊர், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில். அங்கே ஓஷன் அவென்யூவில் 112-ஆம் எண் வீடு. பேய் வீடு என்று பேர் போனது.

தனம் சித்தி (9.10): அக்கா, அந்த வீட்டு மேல்மாடியில் ரெண்டு ஜன்னல், கால் வட்டமாக. உள்ளே விளக்கு எரிந்தால் வீடே நம்மை முறைக்கிற மாதிரி இருக்கிறது. அங்கே குடிவந்த ஜார்ஜ் தினமும் ராத்திரி மூணே கால் மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். அதே நேரத்தில்தான் முன்னே அங்கே ஆறு பேரைக் கொன்றார்களாம். எனக்கும் அதே மணி!

சேகர் மாமா (9.14): காலங்காத்தாலே கொலைக் கேஸா. இருங்கள், காபி முடித்துவிட்டு வருகிறேன்.

சேகர் மாமா (9.31): வந்தாச்சு. முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்கிற உரிமையில் கேட்கிறேன். கார்த்தி, கூண்டில் ஏறு. கொலையை முதலில் சொல். பேய்க்கு அப்புறம் வாய்தா கொடுக்கலாம்.

கார்த்தி (9.38): 1974 நவம்பர் 13. டிஃபியோ குடும்பம். அப்பா, அம்மா, ரெண்டு பெண்கள், ரெண்டு பையன்கள், ஆறு பேரும் அவரவர் படுக்கையில் குப்புறப் படுத்தபடி சுடப்பட்டுக் கிடந்தார்கள். சுட்டது மூத்த மகன் ரொனால்ட். வயது 23. அன்று சாயங்காலம் பக்கத்து மதுக்கடைக்கு ஓடி, "அப்பா அம்மாவை யாரோ சுட்டுவிட்டார்கள்" என்று கத்தினான். முதலில் கூலிக்கொலையாளி என்று கைகாட்டினான், மறுநாளே ஒப்புக்கொண்டான்.

அம்மா (9.40): பெற்றவர்களையா? கூடப் பிறந்ததுகளையுமா? ஐயோ.

சேகர் மாமா (9.42): ஆறு பேரைச் சுடும் வரை ஒருத்தர்கூட எழுந்து ஓடவில்லையா?

கார்த்தி (9.45): எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வது அங்கேதான் மாமா. துப்பாக்கி .35 காலிபர் மார்லின் ரைஃபிள். சத்தம் அடக்கும் குழாய் போட்டதற்குத் தடயமே இல்லை. அக்கம்பக்கத்தார் நாய் குரைத்ததை மட்டும்தான் கேட்டார்கள். தூக்க மருந்து கொடுத்திருப்பானோ என்றால், பரிசோதனையில் அதுவும் இல்லை. தனியாள் வேலையா என்ற சந்தேகம் இன்னும் ஓயவில்லை. அவனும் சிறையில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு கதை சொன்னான். ஒரு தடவை தங்கை மேல் பழி, ஒரு தடவை வேறு யார் மேலோ.

சேகர் மாமா (9.47): அதுதான் கேஸ். விடை கிடைக்காத கேள்வி அங்கேதான் இருக்கிறது, ஜன்னலில் இல்லை. தீர்ப்பு?

கார்த்தி (9.49): காதில் குரல் கேட்டது, புத்தி பேதலிப்பு என்று வக்கீல் வில்லியம் வெபர் வாதாடினார். ஜூரி ஏற்கவில்லை. 1975 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, டிசம்பரில் தண்டனை. ஒவ்வொரு கொலைக்கும் 25 வருஷம் முதல் ஆயுள் வரை, ஆறும் ஏககாலத்தில். 2021-இல் காவலில் இருக்கும்போதே செத்துப்போனான்.

தனம் சித்தி (9.52): இவ்வளவு சாவு விழுந்த வீட்டில் ஆவி இருக்காதா அண்ணா?

சேகர் மாமா (9.53): பொறு தனம். அடுத்து குடிவந்தவர்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள்?

கார்த்தி (9.56): லட்ஸ் குடும்பம். ஜார்ஜ், கேத்தி, கேத்தியின் முதல் கல்யாணத்துப் பிள்ளைகள் மூன்று பேர். 80,000 டாலருக்கு வாங்கி, தண்டனை விதித்து ரெண்டே வாரத்தில் குடிவந்தார்கள். செத்தவர்களின் கட்டில், மேஜையெல்லாம் 400 டாலருக்குச் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். 28-ஆம் நாள், 1976 ஜனவரி 14, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

அம்மா (9.57): செத்தவர்கள் சாமானையேவா! அந்தக் கட்டிலில் படுத்தால் எனக்கும்தான் மூணே கால் மணிக்கு விழிப்பு வரும்.

நித்யா (9.58): அம்மா பாயிண்ட் 👏

சேகர் மாமா (10.02): சரி, வெபருக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? கொலையாளியின் வக்கீல் பேய்க்கதையில் எங்கே வருகிறார்?

கார்த்தி (10.06): அதுதான் மாமா ட்விஸ்ட். ஓடிவந்த பிறகு ஜார்ஜும் கேத்தியும் அவரைச் சந்தித்தார்கள். பாட்டில் பாட்டிலாக ஒயின் குடித்துக்கொண்டு சேர்ந்து ஜோடித்த கதைதான் பின்னால் புத்தகமாக வந்தது என்று 1979-இல் அவரே பத்திரிகையில் சொல்லிவிட்டார்.

சேகர் மாமா (10.08): கேட்டாயா தனம்? அவருக்கு மறுவிசாரணை வேண்டும், இவர்களுக்குப் புத்தகம் வேண்டும். பேய்க்கு மட்டும்தான் இதில் பங்கு கிடைக்கவில்லை.

தனம் சித்தி (10.11): அந்த வக்கீல் பொய் சொல்லியிருக்கலாமே? ஜார்ஜும் கேத்தியும் உண்மை அறியும் கருவியில் பாஸ் ஆனார்கள் என்று படத்தில் சொல்கிறார்களே!

நித்யா (10.13): பாஸ்தான் சித்தி, 1979-இல். ஆனால் நம்பிக்கொண்டு சொன்னாலும் கருவி பாஸ் போடும். நடந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்?

கார்த்தி (10.17): லட்ஸ் தம்பதி வெபர் ஆட்கள் மேல் போட்ட வழக்கு புரூக்ளின் கோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் அதைத் தள்ளுபடி செய்தார். புத்தகம் பெரும்பாலும் கற்பனை, அதில் வெபர் எடுத்துக்கொடுத்தது நிறைய என்பதுதான் அவருக்குப் பட்டது. பனியில் பிசாசுக் குளம்புத் தடம் என்று புத்தகத்தில் வருகிறதே, வானிலைப் பதிவைப் பார்த்தால் அன்றைக்கு அங்கே பனியே விழவில்லை.

சேகர் மாமா (10.18): 😂😂 சாட்சி காலி.

நித்யா (10.22): அடுத்து வாங்கியவர்கள் நிலைமைதான் பாவம். 1977-இல் 55,000 டாலருக்கு வாங்கிப் பத்து வருஷம் இருந்தார்கள். பேய் வரவில்லை, வேடிக்கை பார்க்கிற கூட்டம்தான் ஓயாமல் வந்தது. கதையில் பிய்ந்து விழுந்த கதவுகளில் பழைய பூட்டும் கீலும் அப்படியே இருந்தன. அப்புறம் வீட்டு நம்பரையே மாற்றினார்கள், சித்தியை முறைத்த ஜன்னலும் இப்போது சாதா ஜன்னல்.

தனம் சித்தி (10.24): சரி, அந்தப் பையன் போட்டோ? மாடிப்படிப் பக்கம் கதவிடுக்கில் எட்டிப்பார்க்கிறானே, கண் ரெண்டும் வெள்ளையாக. அதை நினைத்துத்தான் தூக்கமே போச்சு.

கார்த்தி (10.28): 1976-இல் பேய் ஆராய்ச்சிக்காரர்களான வாரன் தம்பதி டிவி ஆட்களோடு போய் ராத்திரி தங்கினபோது, தானாகப் படம் பிடிக்கிற அகச்சிவப்புக் கேமராவில் எடுத்தது. கூட வந்த ஆள் ஒருவர்தான் அது என்கிறார்கள் சிலர். அந்த ஃபிலிமில் யார் கண்ணாக இருந்தாலும் அப்படி வெள்ளையாக விழலாம்.

அம்மா (10.29): நித்யா, சிலிண்டர் வந்தால் வாங்கி வை. நான் மாவு மில்லில் இருக்கிறேன்.

தனம் சித்தி (10.33): அந்தக் கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது கார்த்தி? கொலையானவர்களில்.

கார்த்தி (10.33): 9.

தனம் சித்தி (10.36): ரெண்டு மணி நேரம் படம் பார்த்தேன். ஈ மொய்த்ததைக் காட்டினார்கள், சுவரில் வழிந்ததைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளை பேர்கூட மனசில் நிற்கவில்லை.

சேகர் மாமா (10.41): பாதிப் படங்கள் அப்படித்தான். கொலையை அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பேய்க்குப் போய்விடுவார்கள்.

கார்த்தி (10.47): எரிக் வால்டர் 2012-இல் எடுத்த "மை அமிட்டிவில் ஹாரர்" வேறு மாதிரி சித்தி. லட்ஸ் வீட்டு மூத்த பையன் டேனியல், குடிவந்தபோது சின்னப் பையன், இப்போது பெரிய ஆளாகிப் பேசுகிறார். எல்லாம் நடந்தது என்றுதான் சாதிக்கிறார். ஆனால் வளர்ப்பு அப்பா மேல் இருக்கிற கோபம்தான் வாயைத் திறந்தாலே வருகிறது. கடைசியில் கருவிச் சோதனைக்கு வருவீர்களா என்று கேட்டதும் முகம் மாறிப்போகிறது. அந்த இடத்தில் நான் நிறுத்தித் திரும்பப் பார்த்தேன். 2023-இல் வந்த நாலு பாகத் தொடரும் பார்க்கலாம், அதில் டேனியலின் தம்பி பேசுகிறார்.

சேகர் மாமா (10.50): அது நல்ல சாட்சி. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை, அடிபட்ட பிள்ளை.

சேகர் மாமா (10.52): அது போகட்டும். தனம், நீ பார்த்தது உங்கள் ஹால் கடிகாரமா? ஆபீசுக்கு நேரமாகக் கூடாது என்று மாப்பிள்ளை பத்து நிமிஷம் முன்னால் வைத்த அதே கடிகாரமா?

தனம் சித்தி (10.55): ...

தனம் சித்தி (10.55): ஆமாம்.

நித்யா (10.55): அப்போது மணி மூணு அஞ்சு 😂😂😂

கார்த்தி (10.56): பேய் சீக்கிரமே வந்துவிட்டது போல.

தனம் சித்தி (10.58): போங்கடா. அந்த டேனியல் படத்தை நாளைக்குப் போடு கார்த்தி, எல்லாரும் இங்கே வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான், ராத்திரி கிடையாது.

கார்த்தி (10.58): மதியத்திலும் மூணே கால் வருமே சித்தி?

தனம் சித்தி (10.59): அப்போது காபி போட எழுந்திருப்பேன்.

அம்மா (11.02): ஹால் கடிகாரப்படியா, போன்படியா?