768 வரி டிவிக்கு புளூரே பிளேயரில் எந்த ரெசல்யூஷன் வைப்பது?

நெய்தல்32
32 இன்ச் பழைய எல்.சி.டி. டிவி. 'எச்.டி. ரெடி' ஸ்டிக்கர் இருக்கிறது, மேனுவலில் பேனல் 1366×768 என்று போட்டிருக்கிறது. புது புளூரே பிளேயரை எச்.டி.எம்.ஐ.யில் மாட்டினால் பிளேயரின் மெனு பளிச்சென்று வருகிறது. படம் ஓட ஆரம்பித்ததும் திரை கறுத்துப்போய், சிக்னல் ஆதரவு இல்லை என்கிறது. டிவிடி ஒழுங்காக ஓடுகிறது. பிளேயரில் ஆட்டோ, 576பி, 720பி, 1080ஐ, 1080பி என்றுதான் இருக்கிறது, 768 இல்லையே? கேபிளை மாற்ற வேண்டுமா?

கம்பிச்சுருள்
கேபிளில் கை வைக்காதீர்கள். மெனு வந்து படம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் 24பி தான் காரணம்.

புளூரேயில் சினிமா நொடிக்கு 24 ஃபிரேமாகப் பதிவாகியிருக்கும். மெனுவை 60 ஹெர்ட்ஸில் அனுப்பும் பிளேயர், படம் தொடங்கியதும் 1080பி/24க்குத் தாவும். அந்தக் கால டிவிகள் பலவற்றுக்கு அது புரியாது. டிவிடிக்கு 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்தான் போகும், அதனால் அது தப்பித்துவிட்டது.

செட்டப்பில் ஸ்கிரீன் அல்லது டிஸ்பிளே பகுதிக்குப் போய் '24பி அவுட்புட்' என்பதை ஆஃப் செய்யுங்கள். 'டீப் கலர்' இருந்தால் அதையும் ஆஃப். இனி ஒரு ஃபிரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று காட்டி பிளேயரே 60 ஆக்கி அனுப்பும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசான திணறல் தெரியும். இந்த டிவியில் அதற்கு மருந்து கிடையாது.

தப்பான ரெசல்யூஷன் வைத்து மெனுவே தெரியாமல் போனால் பயப்பட வேண்டாம். சோனி மாடல்கள் பலவற்றில் பிளேயரின் முகப்பிலுள்ள ஸ்டாப் பட்டனை 10 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ரெசல்யூஷன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். மற்ற கம்பெனிகளுக்கு மேனுவலைப் பாருங்கள்.

நெய்தல்32
24பி ஆஃப் செய்ததும் ஓடுகிறது, நன்றி. 720பி, 1080ஐ, 1080பி மூன்றுமே வருகிறது. எதை வைக்கலாம்? ஓரத்தில் சப்டைட்டில் கொஞ்சம் வெட்டுப்படுகிறது.

பிக்சல்பித்தன்
1080பி வருகிறதா, அதையே வையுங்கள். 'எச்.டி. ரெடி' முத்திரைக்கு 720பியும் 1080ஐயும் ஏற்றால் போதும், 1080பி கட்டாயமில்லை. உங்கள் டிவி அதையும் வாங்கிக்கொள்வது அதிர்ஷ்டம்.

768 என்பது வீடியோ தரத்தில் இல்லவே இல்லாத அளவு. எதை அனுப்பினாலும் டிவி அதைத் தன் பேனலுக்கு ஏற்ப மாற்றியே தீரும். அந்த மாற்றம் எத்தனை தடவை நடக்கிறது என்பதுதான் விஷயம். 1080பி வைத்தால் ஒரே தடவை, அதுவும் சுருக்குவது மட்டும். 720பி வைத்தால் பிளேயர் 1920×1080ஐ 1280×720 ஆகக் குறைக்கும், டிவி மறுபடி 1366×768க்கு இழுக்கும். விவரம் ஒருமுறை போனால் போனதுதான். 'பேனல் 720க்குப் பக்கம், அதனால் 720பி' என்று கடைகளில் சொல்வதை நம்பாதீர்கள்.

1080பி ஏற்காத டிவி வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். 1080ஐயில் ஒரு ஃபிரேம் ஒன்றுவிட்ட வரிகளாக இரு பாதியில் வரும். டிவி அவற்றைச் சரியாகக் கோத்தால் 1080 வரியும் மீளும். மலிவான சிப் ஒவ்வொரு பாதியையும் தனியாக இழுத்து நிரப்பும். அப்போது கையில் இருப்பது வெறும் 540 வரி, 720பியை விடக் குறைவு. ஜன்னல் கம்பி, படிக்கட்டு, ஓட்டுக்கூரை மேல் கேமரா மெதுவாக நகரும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். விளிம்புகள் ரம்பம்போல் துடித்தால் 720பிக்கு மாறுங்கள், துடிக்காவிட்டால் 1080ஐ.

சப்டைட்டில் வெட்டு பிளேயரின் குற்றமில்லை. டிவி ஓவர்ஸ்கேன் செய்கிறது, அதாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. படவிகித மெனுவில் எல்.ஜி. என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங் என்றால் 'ஸ்கிரீன் ஃபிட்'. சில மாடல்களில் 1080 சிக்னலுக்கு மட்டுமே இது தலைகாட்டும். 1080பி வைக்க இன்னொரு காரணம்.

டப்பாடிவி
எச்.டி.எம்.ஐ.யே இல்லாத டிவிக்காரர்கள் இந்த இழையைப் படித்தால்: காம்பொனென்ட் கேபிளை (பச்சை-நீலம்-சிவப்பு பின் உள்ள அனலாக் கேபிள்) நம்பி பிளேயர் வாங்காதீர்கள். பதிப்புரிமைப் பாதுகாப்பு விதிப்படி, 2010க்குப் பிறகு வந்த புதிய மாடல்களில் புளூரே படம் அனலாக் வழியே 480ஐ/576ஐயைத் தாண்டாது. 2013க்குப் பிறகு தயாரானவற்றில் அனலாக் வழியே படமே வராது.

மஞ்சள்-சிவப்பு-வெள்ளை பின் உள்ள எச்.டி.எம்.ஐ.–ஏ.வி. கன்வெர்ட்டர் போட்டால் படம் வரும், ஆனால் டிவிடி தரம்தான். பக்கத்தில் பால்/என்.டி.எஸ்.சி. (பழைய டிவி சிக்னல் முறைகள் இரண்டு) சுவிட்ச் இருக்கும், கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் அதை மாற்றித் தள்ளுங்கள். 4:3 டிவியில் முகமெல்லாம் நீளமாகத் தெரியும், ஏனென்றால் 16:9 படத்தை அப்படியே 4:3க்குள் அமுக்கி அனுப்புகிறது. டிவி மெனுவில் 16:9 மோட் இருந்தால் போடுங்கள். அது இல்லாத டிவிக்கு சாதாரண டிவிடி பிளேயரே மேல், அதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டும் லெட்டர்பாக்ஸ் செட்டிங் இருக்கும்.