கிம்பாவுக்குப் பிறகு: அணுக்கழிவை எங்கே வைப்பது, யாரைக் கேட்பது?

செந்தில்_சிட்னி:
சிட்னியில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். நகரின் புறத்தே இருக்கும் லூக்காஸ் ஹைட்ஸ் அணு உலையிலிருந்து மருந்து வந்து சேர்ந்தால்தான் எங்கள் நாள் தொடங்கும். இதயத்துக்கும் எலும்புக்கும் ஸ்கேன் எடுக்க நாங்கள் ஊசியில் ஏற்றும் டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வாங்கி அடுக்கி வைக்க முடியாது, உலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உலை ஓடினால் கழிவு சேரும்.

அந்தக் கழிவுக்கு ஒரு தேசியக் கிடங்கு கட்ட ஆஸ்திரேலியா நாற்பது வருடமாக இடம் தேடுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வூமெராவை 2004இல் கைவிட்டார்கள். வடக்கு மண்டலத்தின் மக்கட்டியை 2014இல். தெற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பா ஊருக்குப் பக்கத்தில் நாப்பண்டி என்ற பண்ணை நிலத்தை 2021இல் அறிவித்தார்கள். 2023 ஜூலையில் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அடுத்த மாதமே அரசும் விலகிக்கொண்டது. கழிவு இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சிதறிக் கிடக்கிறது, மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் உட்பட. வறண்ட, ஆளில்லாத நிலம் இவ்வளவு இருக்கும் நாட்டில் ஓர் இடம் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாழ்மதி:
அந்த "ஆளில்லாத நிலம்" என்ற சொல்லில்தான் அண்ணா எனக்குப் பிரச்சினை. கிம்பா இருப்பது பார்ங்கார்லா என்ற பழங்குடி மக்களின் மண்ணில். ஏறக்குறைய இருபது வருடம் வழக்கு நடத்தி 2015இல் நீதிமன்றத்தில் தங்கள் நிலவுரிமையை நிறுவியவர்கள் அவர்கள். 2019இல் கிம்பாவில் வாக்கெடுப்பு வைத்தபோது அந்த உள்ளாட்சிப் பகுதிக்குள் குடியிருக்கிறவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்கும்தான் வாக்கு. பார்ங்கார்லா சனம் வெளியே நிறுத்தப்பட்டது. அவர்கள் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 83 பேர் வாக்களித்தார்கள், 83 பேரும் வேண்டாம் என்றார்கள். ஒரு ஆதரவு வாக்குகூட இல்லை. அப்புறம் எப்படி "ஊர் சம்மதித்தது" என்று கதைக்க முடியும்?

செந்தில்_சிட்னி:
அவர்களை விட்டது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கையும் பாருங்கள். கிம்பாவில் 734 வாக்குகளில் 452 ஆதரவு. அந்த 83ஐயும் சேர்த்தால்கூட 817இல் 452, அதாவது 55 சதவீதம். பெரும்பான்மை அப்போதும் மாறவில்லையே?

யாழ்மதி:
தலை எண்ணுகிற விஷயம் இல்லை இது. நிலவுரிமை உள்ள ஒரு சமூகத்தை 817 பேரில் 83 பேராகக் கரைத்துவிட்டு, "நீங்கள் தோற்றீர்கள்" என்று சொல்வீர்களா? உங்கள் வீட்டைப் பற்றித் தெரு வாக்களித்து முடிவெடுத்தால் ஏற்பீர்களா?

நீதிமன்றம் ரத்து செய்த காரணத்தையும் பாருங்கள். அமைச்சர் கருத்துக் கேட்பதற்கு முன்பே மனதில் முடிவெடுத்துவிட்டார் என்று எவரும் நியாயமாக அஞ்சும்படி நடந்துகொண்டார் என்பதுதான் அது. கேட்பது போல் கேட்டால் அது கேட்பது ஆகாது.

கோதுமைக்காடு:
நான் கிம்பா இருக்கும் ஏர் தீபகற்பத்தில் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடம் மருந்தாளராக இருந்தவன். கிம்பாவுக்கு அடிக்கடி போவேன். ஆதரவாக வாக்களித்தவர்களை யாரும் பணத்துக்கு விலைபோனவர்களாகப் பார்க்க வேண்டாம். கோதுமையும் ஆடும் மட்டும் வைத்துப் பிழைக்கும் ஊர் அது. மழை பொய்த்தால் இளையவர்கள் கிளம்பிவிடுவார்கள், பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் ஆட்டம் காணும். கிடங்கு தரும் என்று சொன்ன 45 வேலை சிட்னிக்குத் தூசு, அந்த ஊருக்கு ஒரு தலைமுறை. எதிர்த்தவர்களின் பயமும் உண்மை: தங்கள் தானியத்தின் பெயர் கெட்டுவிடும் என்று. அரசு அங்கே செய்த பெரிய தவறு, 31 மில்லியன் டாலர் சமூக நிதியை வாக்கெடுப்புக்கு முன்பே மேசையில் வைத்தது. அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்களைப் பார்த்தேன். திட்டம் போய்விட்டது, அந்த மௌனம் போகவில்லை.

செந்தில்_சிட்னி:
சரி, அப்படியானால் ஃபின்லாந்து எப்படிச் செய்தது? ஓல்கிலோட்டோ தீவில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து கிடங்கே கட்டிவிட்டார்கள். அதுவும் நம் கழிவைவிடப் பல மடங்கு கடுமையான, உலையில் எரிந்த எரிபொருளுக்கு. மனது வைத்தால் முடியும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

யாழ்மதி:
அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது, அண்ணா. ஃபின்லாந்துச் சட்டத்தில் உள்ளூர் மன்றத்துக்கு "வேண்டாம்" என்று சொல்லி நிறுத்தும் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் கையில் இருக்கும்போதுதான் அந்தத் தீவு அடங்கிய யூரஜோக்கி ஊரின் மன்றம் 2000இல் 20க்கு 7 என்று சம்மதித்தது. பார்ங்கார்லா மக்களிடம் அப்படி எதுவும் இல்லை, அவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இன்னொன்று: ஓல்கிலோட்டோவில் உலை நிற்கும் தீவிலேயே கிடங்கும் இருக்கிறது. இங்கே 1,700 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோகப் பார்த்தார்கள்.

செந்தில்_சிட்னி:
லூக்காஸ் ஹைட்ஸில் முதல் உலை 1958இல் ஓடத் தொடங்கியபோது சுற்றிலும் புதர்க்காடு. இப்போது பக்கத்தில் வீடுகள். அதை நிரந்தரமாக்க முடியாது. கையுறை, அங்கி, காகிதம் போன்ற தாழ்நிலைக் கழிவுதான் அளவில் பெரும்பங்கு. சில நூறு வருடம் பத்திரமாகப் புதைத்துக் கண்காணித்தால் போதும். அதற்குக்கூடவா இடமில்லை?

கோதுமைக்காடு:
அந்த ஒன்றோடு நின்றிருந்தால் ஊர் இவ்வளவு உடைந்திருக்காது என்றே நினைக்கிறேன். நம் உலையில் எரிந்த எரிபொருளைப் பிரான்சில் மறுசுத்திகரித்து 2015இல் திரும்பி வந்த கழிவு, 2022இல் பிரிட்டனிலிருந்து வந்தது, இந்த இடைநிலைக் கழிவையும் கிம்பாவுக்கே கொண்டுபோகத் திட்டம். அது ஆயிரக்கணக்கான வருடம் தனித்து வைக்க வேண்டிய பொருள். கிம்பாவிலோ அதைத் தற்காலிகமாக, தரைக்கு மேலேதான் வைக்கப் போகிறார்கள். ஒரு தற்காலிக இடத்திலிருந்து இன்னொரு தற்காலிக இடத்துக்கு நாட்டில் பாதியைக் கடந்து ஏன் ஓட்ட வேண்டும் என்று அங்கே ஒரு விவசாயி என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

செந்தில்_சிட்னி:
எனக்கும் அதற்கு நல்ல பதில் கிடைத்ததில்லை. இடைநிலைக் கழிவை நகர்த்த அவசரமில்லை என்பதை ஏற்கிறேன். லூக்காஸ் ஹைட்ஸில் அதற்குப் புதிய கிடங்கு கட்ட 2021 பட்ஜெட்டில் சுமார் 60 மில்லியன் டாலர் ஒதுக்கினார்களே. ஆனால் "அவகாசம் இருக்கிறது" என்பது "பிறகு பார்க்கலாம்" ஆகிவிடக் கூடாது. ஸ்கேன் எடுத்துக்கொண்ட நம் தலைமுறைதான் இதை முடிக்க வேண்டும், பேரப்பிள்ளைகள் இல்லை.

யாழ்மதி:
அதில் நானும் உங்களோடுதான். என் அம்மாவுக்கும் அந்த ஊசிதான் போட்டார்கள். ஆனால் அடுத்து என்ன வருகிறது பாருங்கள். 2023 மார்ச்சில், ஆஸ்திரேலியா வாங்கப்போகும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களின் கழிவைப் பாதுகாப்புத் துறை நிலத்தில் வைப்போம் என்று அறிவித்தார்கள். வூமெராவைச் சுற்றியிருப்பது அந்தத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள நிலம்தான், அது கொக்காத்தா என்ற பழங்குடி மக்களின் மண்ணும்கூட. 1953இல் ஈமு களத்திலும் 1956க்குப் பிறகு மரலிங்காவிலும் பிரிட்டன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது அதே மாநிலத்தில். அதை அனுபவித்த கூபர் பீடிப் பக்கத்துப் பழங்குடி மூதாட்டிகள் பல வருடம் ஊர் ஊராகப் போய் "நஞ்சு, அதை விட்டுவிடுங்கள்" என்று தங்கள் மொழியில் சொன்னதும் சேர்ந்துதான் 2004இல் வூமெராத் திட்டம் விழுந்தது. அவர்களில் இருவருக்கு 2003இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. இந்த முறை வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு முன்பு, "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தோடு அவர்களின் பிள்ளைகளைக் கேட்பார்களா?

செந்தில்_சிட்னி:
எங்கள் தொகுதி எம்பிக்கு எழுதுகிறேன். தாழ்நிலைக் கழிவைத் தனியாகப் பிரித்து இடம் தேடுங்கள், நிலவுரிமை உள்ளவர்களுக்கு மறுக்கும் அதிகாரம் கொடுங்கள் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். வரைவை இங்கே போடுகிறேன், நீங்கள் இருவரும் திருத்தித் தாருங்கள்.