12 வோல்ட் பேட்டரியில் ரவுட்டரும் ராஸ்பெர்ரி பையும்: நேரடியாக ஓட்டலாமா?

கேள்வி:
12 வோல்ட், 40 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி, சார்ஜர் எப்போதும் இணைப்பில். ஃபைபர் மோடம், ரவுட்டர் (இரண்டும் 12 வோல்ட் 1 ஆம்பியர்), எஸ்.எஸ்.டி. டிஸ்க்கோடு ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர். பேட்டரி பக்கத்திலேயே 5 வோல்ட் கன்வெர்ட்டர் வைத்து, 4 மீட்டர் 0.75 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்திருக்கிறேன். எஸ்.எஸ்.டி.யில் எழுதும்போது பை ரீஸ்டார்ட் ஆகிறது. கன்வெர்ட்டரில் 5.1 வோல்ட் சரியாகக் காட்டுகிறது.

பதில் 1:
கோளாறு வயரில். 0.75 வயர் மீட்டருக்குச் சுமார் 0.024 ஓம், போக வர 8 மீட்டருக்கு 0.19 ஓம். 3 ஆம்பியர் இழுத்தால் 0.57 வோல்ட் வழியிலேயே போய்விடும். பைக்கு 4.5தான் மிஞ்சும், 4.63க்குக் கீழே போனாலே திரையில் வோல்டேஜ் குறைவு என்று எச்சரிக்கும் மின்னல் குறி வந்துவிடும். மல்டிமீட்டரைப் பை முனையில் வைத்து, லோடு ஓடும்போது அளந்து பாருங்கள்.

12 வோல்ட்டாகவே கொண்டுபோய், பைக்கு ஒரு சாண் தூரத்தில் 5 வோல்ட்டாகக் குறையுங்கள். அதற்கு எல்.எம்.2596 சிப் உள்ள கன்வெர்ட்டர் மாட்யூல் வேண்டாம். 3 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் 2 தாண்டினாலே கொதிக்கும். 5 ஆம்பியர் மாட்யூலாக வாங்கி, பையை இணைக்கும் முன்பே அதிலுள்ள திருகைத் திருகி 5.1 வோல்ட்டுக்கு வைத்து, அந்தத் திருகில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள், அசையாது.

பதில் 2:
ரவுட்டரையும் மோடத்தையும் கவனியுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் 14.4 வோல்ட் வரை வரும். உள்ளே இன்புட் கெப்பாசிட்டர் 16 வோல்ட் என்றால் தாங்கும், ஆனால் ஆயுள் குறையும். 25 என்றால் பயமில்லை. திறந்து பார்க்க முடியாவிட்டால் 12 வோல்ட் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் (உள்ளே வரும் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் 12 ஆகவே தருவது) ஒன்று போடுங்கள். வோல்டேஜ் குறைவது இவற்றுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, உள்ளே எப்படியும் 5, 3.3 என்று குறைத்துத்தான் ஓடுகின்றன. ஜாக்கில் நடுமுனை பாசிட்டிவா என்று அடாப்டர் லேபிளில் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
எவ்வளவு நேரம் ஓடும்? ஃபியூஸ் எங்கே?

பதில் 1:
மூன்றும் சேர்ந்து 22 வாட், கன்வெர்ட்டர் இழப்போடு 25 என்று வையுங்கள், 2.1 ஆம்பியர். பாதி பேட்டரி மட்டும் செலவழித்தால் ஒன்பது மணி நேரம் தாராளம். 5 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே. ரவுட்டர் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

பதில் 2:
பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் லோடைத் துண்டிக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் கட்டாயம் போடுங்கள். 11.9ல் துண்டித்து 12.8ல் திரும்பச் சேரட்டும். லோடு போனதும் பேட்டரி வோல்டேஜ் தானாக மேலே ஏறும். இந்த இரண்டு வோல்டேஜுக்கும் இடைவெளி குறைவாக வைத்தால் கட்-ஆஃபின் ரிலே சுவிட்ச் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், எஸ்.எஸ்.டி.யில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும்.