லைவ்வெல் தொட்டியில் கடைசி நாலு விரல் தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது

மீன்கொத்தி:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 16 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின். பின் இருக்கைக்கு அடியில், பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க 80 லிட்டர் லைவ்வெல் தொட்டி இருக்கிறது. படகு கைமாறி வந்தது, அதனால் குழாய் வேலையை யார், எந்தக் கணக்கில் செய்தார்கள் என்று தெரியவில்லை.

வடிகால் வால்வைத் திறந்தால் தண்ணீர் மடமடவென்று இறங்குகிறது, ஆனால் அடியில் நாலு விரல் உயரம் வந்ததும் நின்றுவிடுகிறது, அப்புறம் எவ்வளவு நேரம் விட்டாலும் அசையாது, குவளையால்தான் மொண்டு ஊற்ற வேண்டியிருக்கிறது. இன்னொன்று, பம்பைத் தொடர்ந்து ஓடவிட்டால், மிஞ்சும் தண்ணீரை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ குழாய் தாங்காமல் மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்து கால் வைக்கிற இடமெல்லாம் நனைகிறது. உள்ளே வரும் குழாய், ஓவர்ஃப்ளோ குழாய் இரண்டுமே முக்கால் இஞ்ச். மூன்றாவது, வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் பம்ப் சத்தம் மட்டும் கேட்கிறது, தண்ணீர் வருவதில்லை.

வடிகாலைப் பில்ஜுக்குள்ளேயே, அதாவது படகின் அடிவயிற்றுப் பள்ளத்திலேயே, விட்டுவிடுங்கள், பில்ஜ் பம்ப் வெளியே தள்ளிவிடும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். செய்யலாமா? பிடிக்கிற மீனில் பாதியைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறவன் நான், அது தொட்டியில் துவண்டு கிடப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

நீலவலை:
பில்ஜுக்குள் விடாதீர்கள். பில்ஜ் பம்ப் படகுக்குள் கசிந்து வரும் தண்ணீருக்காக வைத்தது. அதன்மேல் தொட்டித் தண்ணீரையும் ஏற்றினால் செதில், இரைத் துணுக்கு, சளி எல்லாம் போய், தண்ணீர் ஏறினால் மிதந்து எழும்பிப் பம்பை ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்சில் ஒட்டிக்கொள்ளும். நிஜமாகவே ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறும் நாளில் அந்த சுவிட்ச் தூக்காது. தவிர 80 லிட்டர் என்றால் 80 கிலோ, கடல் தண்ணீரானால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ கூட. அவ்வளவு எடையும் அடித்தளத்தில் இங்கும் அங்கும் ஓடினால் சின்னப் படகு தள்ளாடும்.

நாலு விரல் தண்ணீருக்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். தொட்டியின் அடிமட்டம் வெளித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கலாம். அப்படியென்றால் உள்ளே இருக்கும் மட்டமும் வெளி மட்டமும் சமமானதும் வடிவது நின்றுவிடும், வால்வை மாற்றினாலும் குழாயை மாற்றினாலும் ஒரு சொட்டு கூட இறங்காது. இல்லையென்றால் வடிகால் ஹோஸ் வழியில் எங்கேயோ மேடேறிப் போகிறது. கண்டுபிடிப்பது சுலபம். படகை டிரெய்லரில் ஏற்றி, தண்ணீரில் மிதக்கும்போது எந்தச் சாய்வில் நிற்குமோ அதே சாய்வில் நிறுத்தி, தொட்டியை நிரப்பித் திறந்துவிடுங்கள். தரையில் முழுக்க வடிந்தால் பிரச்சினை நீர்மட்டம். தரையிலும் நின்றால் ஹோஸ்.

தண்ணீரில் இருக்கும்போது ஒரு விஷயம் கவனித்தீர்களா? வேகமாக ஓடும்போது வால்வைத் திறந்தால் அந்த நாலு விரலும் போய்விடுகிறதா?

அலைவாய்:
ஓவர்ஃப்ளோ விஷயத்துக்கு நான் வருகிறேன். உள்ளே வரும் தண்ணீரைப் பம்ப் அழுத்தித் தள்ளுகிறது, வெளியே போகும் தண்ணீர் தன் எடையால் மட்டும்தான் வழிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு குழாய் போட்டால் வழியத்தான் செய்யும். முக்கால் இஞ்ச் உள்ளே வந்தால் ஒன்றரை இஞ்ச் வெளியே போகட்டும். விட்டம் இரண்டு மடங்கு, ஆனால் குழாய் வாயின் பரப்பு நான்கு மடங்கு. இடம் இல்லையென்றால் ஒன்றேகாலுக்குக் கீழே இறங்காதீர்கள். ஹோஸ் தொட்டியிலிருந்து வெளித்துளை வரை சரிவாகவே இறங்க வேண்டும். நடுவில் தொங்கி வளைந்தால் அந்த வளைவில் தண்ணீர் தேங்கும், பின்னால் காற்று மாட்டிக்கொண்டு வழிவது திக்கித் திணறும். எல்போ ஒவ்வொன்றும் ஓட்டத்தைக் குறைக்கும், ஆகவே வளைவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்ஃப்ளோ வாயில் தட்டையான வலை வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள், ஒரு பெரிய இலை வந்து அப்பினால் முழுக்க மூடிவிடும். சுற்றிலும் துளை போட்ட ஒரு சாண் நீளக் குழாயை வைத்தால் ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் வழி இருக்கும்.

பம்ப் சத்தம் மட்டும் வருவது காற்று அடைப்பு. லைவ்வெல்லுக்குப் போடும் இந்த வகைப் பம்ப் தானாகத் தண்ணீரை உறிஞ்சி ஏற்றாது, அதன் வயிற்றில் முதலில் தண்ணீர் நிற்க வேண்டும். வேகத்தில் படகு தூக்கிக்கொள்ளும்போது உறிஞ்சும் வாய் காற்றை வாங்கிவிடுகிறது, நின்ற பிறகு அந்தக் காற்று மேலே போக வழியில்லை. பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே, முடிந்த அளவு தாழ்வாகப் பொருத்தி, அதன் வெளிவாய் மேல்நோக்கி இருக்கும்படி திருப்புங்கள். அங்கிருந்து தொட்டி வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். வழியில் ஒருவழி வால்வு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், காற்றை அடைத்து வைப்பதே பல நேரம் அதுதான். அடிப்பக்க வாயில் முன்நோக்கித் திறந்த ஸ்கூப் வடிகட்டி போட்டால் ஓடும்போதும் தண்ணீர் ஏறும். உடனடி வைத்தியம் வேண்டுமானால் கொஞ்ச தூரம் ரிவர்ஸில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் காற்று கிளம்பிவிடும்.

மீன்கொத்தி:
நீலவலை சொன்னபடி பார்த்தேன். டிரெய்லரில் முழுக்க வடிகிறது, கடைசியில் கொஞ்சம் ஈரம்தான் மிச்சம். வேகத்தில் ஓடும்போதும் வடிகிறது. தண்ணீரில் சும்மா நிற்கும்போதுதான் நிற்கிறது, அதுவும் பின் இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் இன்னும் கூடுகிறது. அப்போ நீர்மட்டம்தான், இல்லையா? தொட்டியைத் தூக்கி வைக்க இடமே இல்லை.

பாய்மரம்:
நீர்மட்டம்தான், சந்தேகமே வேண்டாம். ஓடும்போது பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் விலகித் துளை வெளியே வந்துவிடுகிறது, அதனால் வடிகிறது. தொட்டியைத் தூக்க முடியாவிட்டால் தண்ணீரைப் பம்பால்தான் இறைக்க வேண்டும். அதற்குத் தனிப் பம்ப் தேவையில்லை, இருக்கிற பம்பே போதும்.

பம்புக்கு முன்னால் ஒரு மூவழி வால்வு போடுங்கள். ஒரு கை வெளித் தண்ணீருக்கு, ஒரு கை தொட்டியின் அடித் துளைக்கு. பம்புக்குப் பின்னால் இன்னொரு மூவழி வால்வு, அதில் ஒரு கை தொட்டிக்கு மேலே தெளிக்கும் தலைக்கு, மறு கை படகுக்கு வெளியே. இப்போது வெளியிலிருந்து இழுத்துத் தொட்டிக்கு விட்டால் நிரப்புவது, தொட்டியிலிருந்து இழுத்துத் தொட்டிக்கே விட்டால் சுழற்சி, தொட்டியிலிருந்து இழுத்து வெளியே விட்டால் காலி. அடித் துளையிலிருந்து பம்ப் வரை ஹோஸ் இறங்கிக்கொண்டே வர வேண்டும். பம்ப் தொட்டியின் அடியைவிடத் தாழ்வாக இல்லாவிட்டால் காலி செய்யும்போது இழுக்காது.

வால்வு வாங்கும்போது உள்ளே எல் (L) வடிவ வழி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், டி (T) வடிவ வழி வேண்டாம். டி வழி வால்வு ஒரு நிலையில் மூன்று வாயையும் ஒன்றாகத் திறந்துவிடும். அப்படித் திறந்தால் பம்ப் நிறுத்தியிருந்தாலும் வெளித் தண்ணீர் அடித் துளை வழியாகத் தொட்டிக்குள் ஏறிவிடும். படகுக்கு வெளியே திறக்கும் பழைய வடிகால் துளையை (தொட்டியின் அடித் துளையை அல்ல) இனி வைத்திருக்கக் காரணமில்லை, ஃபைபர் போட்டு முறையாக அடைத்துவிடுங்கள்.

அப்புறம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு துளையிலும், த்ரூ-ஹல் ஃபிட்டிங்கோடு (படகின் உடலைத் துளைத்துப் பொருத்தும் குழாய்வாய்) ஒட்டியே ஒரு மூடும் வால்வு இருக்க வேண்டும், கை எட்டுகிற இடத்தில். உப்புத் தண்ணீரில் சாதாரணப் பித்தளை வேண்டாம். அதிலிருக்கும் துத்தநாகம் கரைந்து போய், உலோகம் இளஞ்சிவப்பாக மாறி, ஒரு தட்டுத் தட்டினால் உடையும் அளவுக்குப் பொரபொரவென்று ஆகிவிடும். வெண்கலம் அல்லது படகுக்கென்றே செய்த கண்ணாடியிழை கலந்த நைலான் போடுங்கள். ஹோஸ் முனைக்கு இரண்டு கிளாம்ப். சில கிளாம்புகளின் பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருக்கும், அதன் திருகு மட்டும் சாதா இரும்பாக இருக்கும், முதலில் அதுதான் துருப்பிடித்துத் தெறிக்கும். திருகையும் பார்த்து வாங்குங்கள். புதிதாகத் துளை போட்டால் ஃபைபருக்கு நடுவே மரம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் எபாக்சி பூசிக் காய்ந்த பிறகு ஃபிட்டிங்கை மாட்டுங்கள். இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்து உள்ளுக்குள்ளேயே அழுகும்.

நீலவலை:
மூவழி வால்வு போடுகிறீர்கள் என்றால் சுழற்சியை எப்போது பயன்படுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மீன் துவள்கிறது என்று எழுதியிருந்தீர்களே. நல்ல தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. வெயிலில் கரையோரத் தண்ணீர் சூடேறிக் கிடக்கும்போது அதையே இழுத்து உள்ளே விடுவதைவிட, ஆழமான பக்கத்தில் நிரப்பிவிட்டு வரும்போது சுழற்சியில் போடுவது மேல். ஆனால் சுழற்சியிலேயே நெடுநேரம் விட்டால் மீனின் கழிவு சேரும், இடையிடையே புதுத் தண்ணீர் மாற்றுங்கள். தெளிக்கும் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். காற்றும் கலக்கும், பம்ப் நின்றால் தொட்டித் தண்ணீர் அதே வழியாகத் திரும்பி ஓடாமலும் இருக்கும்.

பம்பின் மேல் எழுதியிருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்பது உயரமே ஏற்றாமல் தள்ளும் அளவு. தொட்டி வரை ஏற்றி, வளைவுகளைத் தாண்டி வருவதற்குள் நன்றாகக் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டித் தண்ணீர் மாறும் அளவு வந்தால் உங்கள் 80 லிட்டருக்குப் போதும், அதாவது மணிக்கு 480 லிட்டர் நிஜமாகவே உள்ளே விழ வேண்டும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்துவிடலாம்.

ஏரியிலிருந்து படகை ஏற்றியதும் அங்கேயே தொட்டி, பம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். அயல் சிப்பிகளின் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீரில் அவை அடுத்த ஏரிக்குப் போய்விடும். மூவழி வால்வுகளை நடுவாக்கில் வைத்து இரண்டு பக்கமும் சொட்டவிட்டால் உள்ளே தேங்குவதும் வந்துவிடும். படகு தரையில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.