சேகரக் கமிட்டிக்கு ஒரு வாலிபப் பெண்: எப்படித் துணை நிற்பது?

கோத்தகிரி அக்கா:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சபையில் ஒரு பெண் இருக்கிறாள், டிகிரி முடித்து ரொம்ப நாள் ஆகவில்லை, ஓய்வுநாள் பள்ளியை அவள்தான் நடத்துகிறாள், மே மாதம் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்தால் பாட்டு, நாடகம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தூரத்து ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) இருந்து கூட்டி வர ஜீப் என்று எல்லாம் அவள் தலையில்தான். வேதத்தை எடுத்துச் சொல்வதிலும் தெளிவு. வரும் தேர்தலில் அவளைச் சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டிக்கு நிறுத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

பேச்சை எடுத்தாலே மூன்று பதில் வருகிறது. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும். நாளைக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விடும். பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று பவுலே எழுதிவிட்டார். அவள் வீட்டிலும் தயக்கம்தான், வரன் பார்க்கிற நேரத்தில் எலக்‌ஷன், கட்சி என்று பெயர் அடிபட வேண்டாமே என்று அவள் அப்பா கேட்கிறார், அவர் கவலையும் புரிகிறது. அவளுக்கு ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. நிறுத்திவிட்டு நடுவில் கைவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம் எல்லாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரர்:

அக்கா, வசனம் பேசுகிறவர்களுக்கு வசனத்தாலேயே பதில் சொல்லலாம், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். 1 கொரிந்தியர் 14-ஐக் காட்டுகிறவர்களிடம் அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே பெண்கள் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எப்படி இருக்க வேண்டும் என்று பவுல் சொல்கிறார். வாயே திறக்கக் கூடாது என்பது அவர் எண்ணமாக இருந்தால் அந்தப் பகுதியை எழுதவே வேண்டியதில்லையே. ரோமர் 16 வெறும் வாழ்த்துப் பட்டியல் என்று தாண்டிப் போகிறோம், அதில் முதலில் வருகிற பெயர் பெபேயாள், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. அடுத்து வருவது பிரிஸ்கில்லாள். வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவைத் தனியே அழைத்துப் போய், தேவனுடைய வழியை இன்னும் திட்டமாக விளக்கிச் சொன்னது அவளும் அவள் கணவனும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 2 இராஜாக்கள் 22. ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்ததும் யோசியா ராஜா ஆட்களை அனுப்பியது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம். எரேமியா அப்போது ஏற்கெனவே தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தவர், அப்படியிருந்தும் ஆசாரியனும் சம்பிரதியும் நடந்து போய் நின்றது ஒரு பெண்ணின் வீட்டு வாசலில்.

வயதைச் சொல்கிறவர்களுக்கு 1 தீமோத்தேயு 4:12 போதும், உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டை பண்ணக் கூடாது என்கிறது அது. இன்னொன்று, நம் நீலகிரியில் தோடர் மந்துகளுக்கு (குடியிருப்புகளுக்கு) போய்ப் பல வருடம் ஊழியம் செய்தவர் கேத்தரின் லிங் என்ற பெண். அவரை அனுப்பிய சங்கமே பெண்களை ஊழியத்துக்கு அனுப்பத்தான் இருந்தது. இந்த மலைக்குப் பெண் ஊழியம் புதிதே இல்லை.

மலையில் ஒரு ஆயரம்மா:

குன்னூர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் வசனத்தில் ஜெயித்துவிட்டு நடைமுறையில் தோற்ற சபைகளைப் பார்த்திருக்கிறேன், ஆகவே நடைமுறையை எழுதுகிறேன்.

முதலில் வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பல வீடுகளில் சபைச் சந்தா அப்பா பெயரில் மட்டும் போய்க்கொண்டிருக்கும், திடப்படுத்தல் எடுத்துத் திருவிருந்தில் சேர்ந்த பிள்ளை என்றாலும் தேர்தல் நேரத்தில் பட்டியலில் பெயர் இருக்காது. கடைசி நாளில் அதைச் சொல்லித் தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம்.

அடுத்து கமிட்டி கூடுகிற நேரம். ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிகிற கூட்டத்துக்கு எந்தப் பெண் வருவாள்? அந்த நேரத்தில் ஹட்டிக்குப் பஸ் கிடையாது, தேயிலைத் தோட்டத்து வழியில் கரடி நிற்கும், காட்டெருமை நிற்கும், நம் ஊரில் இது வெறும் பயம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்கள் வருவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வைத்துப் பார்க்கட்டும். கோயம்புத்தூரில் வேலை பார்த்துச் சனிக்கிழமை ஊருக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதுதான் வசதி. தேர்தலுக்கு முன்பே இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் முக்கியமானது. வேலையை ஒப்படைப்பது வேறு, அதிகாரத்தை ஒப்படைப்பது வேறு. இப்போது அவளிடம் இருப்பது முழுக்க வேலை. விபிஎஸ்ஸுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று அவளால் முடிவெடுக்க முடிகிறதா? வவுச்சரில் அவள் கையெழுத்து செல்லுமா? இல்லை, ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் பொருளாளர் வீட்டு வாசலில் நிற்கிறாளா? கமிட்டிக்குள் வந்த பிறகும் டீ, பூ அலங்காரம், வரவேற்பு என்றே ஒதுக்குவார்கள். வரவு செலவைப் பார்க்கிற குழுவிலும் கட்டட வேலைக் குழுவிலும் அவளைப் போடச் சொல்லுங்கள். கோயில் கணக்கைப் படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளையை அப்புறம் யாராலும் சின்னப் பொண்ணு என்று உட்கார வைக்க முடியாது.

எங்கள் சிஎஸ்ஐயில் 2013-இல் நந்தியால் பேராயராக புஷ்பா லலிதா அம்மா அபிஷேகம் பெற்றார், சபையின் முதல் பெண் பேராயர். அவர் படத்தை ஆண்டுவிழா பேனரில் போட்டால் மட்டும் போதாது. அந்த வழியில் அடுத்த பிள்ளை வர வேண்டுமென்றால் சேகரக் கமிட்டியில்தான் பழக வேண்டும்.

கோடை தங்கை:

அக்கா, நான் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவள். கோடைக்கானலில் ஒரு சபை, வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலராகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் வாழ்த்தினார்கள், ஜெபித்தார்கள், பொன்னாடையும் போட்டார்கள். முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர் குரலை உயர்த்தி, உங்க அப்பாவைப் பேசச் சொல்லும்மா என்றார். அங்கே இருந்த அம்மாமார், அக்காமார் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லாத்தான் பேசின, மனசில வெச்சுக்காத என்றார்கள். எனக்கு அந்த ஆறுதல் தேவைப்படவில்லை. உள்ளே ஒரு குரல் வந்திருந்தால் போதும், "அந்தப் பிள்ளை முடிக்கட்டும் அண்ணா" என்று ஒரே வாக்கியம். தயவுசெய்து அதைப் பேச நீங்கள் இப்போதே இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள், அதில் ஒருவர் ஆணாக இருக்கட்டும்.

கல்யாணம் ஆகிப் போய்விடுவாள் என்கிறார்களே, வேலைக்காகத் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன பையன்களை அதற்காகக் கமிட்டியில் எடுக்காமல் விட்டார்களா? போனால் போகட்டும், போகிற ஊரில் உள்ள சபைக்குப் பழகிய ஒரு ஆள் கிடைக்கும்.

எங்கள் ஊரில் 1960-இல் காலமான ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றிப் பாட்டி நிறையச் சொல்வார். வேலூரில் முதலில் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சி தொடங்கியவர், அதோடு நிற்காமல் 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியே ஆரம்பித்தார். விண்ணப்பமே வராது என்று சொன்னவர்கள் இருந்தார்கள், வந்த பெண்கள் பரீட்சையில் பையன்களை மிஞ்சினார்கள். உதவிக்கு நிற்கிற இடத்திலேயே பெண்களை நிறுத்தாமல் டாக்டராகவே ஆக்கினார் பாருங்கள், நம் சபைகளும் அதைச் செய்யட்டும்.

ஊட்டி அன்பியம்:

நான் கத்தோலிக்கன், ஊட்டி மறைமாவட்டம், இருந்தாலும் இதில் எழுதத் தோன்றியது. எங்களிடம் குருத்துவம் பெண்களுக்கு இல்லை, அது தெரிந்ததே. ஆனால் 1994-இல் பீடத்தில் உதவச் சிறுமிகளையும் சேர்க்கலாம் என்று ரோமிலிருந்து விளக்கம் வந்தது, 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். கதவு திறந்தால் மட்டும் போதாது என்று எங்கள் பங்கில் கண்டோம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் பெண்கள்தான் எல்லாம் நடத்துகிறார்கள், பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவை என்றால் தயங்கி நிற்கிறார்கள். ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள் என்பது என் யோசனை. ஒருத்தி மட்டும் போனால் அவள் என்ன சொன்னாலும் "பெண்கள் சார்பில்" என்று ஆகிவிடுகிறது. இரண்டு பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் மாற்றுக் கருத்தும் சொல்லலாம், அப்போதுதான் ஆட்களாக மதிப்பார்கள்.

கோத்தகிரி அக்கா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலைப் பார்த்துவிட்டேன் ஆயரம்மா, நீங்கள் சொன்னதுபோலவே சந்தா அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவள் பெயரில் தனியாகக் கட்டச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆயரிடமும் பேசப்போகிறேன். கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லிப் பெண்கள் சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுதுகிறோம், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

அவள் அப்பாவிடம் நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பேசுகிறோம். தங்கை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை, அப்புறம் உள்ளே பேசப்போகிற அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டாள். ஒன்று நான். இன்னொருவராகப் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு அண்ணனைக் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஊட்டி அண்ணா சொன்ன இரண்டாவது பெண்ணுக்கு, தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிற ஒரு தங்கையை நினைத்து வைத்திருக்கிறேன். ஆயரம்மா, வரவு செலவுக் குழுவில் போடச் சொல்லி இப்போதே கேட்கலாமா, இல்லை தேர்தல் முடியட்டுமா?

மலையில் ஒரு ஆயரம்மா:

தேர்தல் முடிந்து முதல் கூட்டத்தில் கேளுங்கள், குழுக்கள் அன்றைக்குத்தான் பிரியும். ஆனால் கணக்குத் தெரிந்த அந்தத் தங்கையிடம் போன வருட ஆண்டறிக்கையை இப்போதே கொடுங்கள், இருவரும் சேர்ந்து வரி வரியாகப் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.