அவசர உதவி: மலை ஓட்டத்துக்கு டிரெயில் ஷூ கட்டாயம் வேண்டுமா?

சேலத்துக்காரன்
வணக்கம் நண்பர்களே. முதல் தடவையாக ஒரு மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது சாதாரண ரன்னிங் ஷூ. நல்ல கம்பெனிதான், வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போன இடத்தில் இறக்கத்தில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன், முழங்கையில் நல்ல சிராய்ப்பு. கூட வந்தவர், மண்ணும் கல்லுமான மலைப்பாதைக்கென்றே செய்கிற டிரெயில் ஷூ இல்லாமல் போகவே கூடாது என்கிறார். இன்னொருவர் அதெல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்கும் வேலை என்கிறார். வாங்கவா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள், ஆஃபர் இன்று இரவோடு முடிகிறது.

கிழக்குக்கரை
எந்த மலை, எத்தனை கிலோமீட்டர், எந்த மாதம்? தார் ரோடா, மண்பாதையா? ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் தார் ரோட்டிலேயே ஏறுவது போன்ற ஓட்டம் என்றால் இருக்கிற ஷூவே போதும். அங்கே டிரெயில் ஷூ போட்டால் அந்த மெத்தென்ற ரப்பர்தான் வீணாகத் தேயும்.

வெறுங்கால்_வேலு
ஒன்றும் வாங்காதீர்கள் நண்பரே. மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்கில் இருக்கும் ராராமுரி மக்கள் பழைய டயரை வெட்டி, வாரால் காலில் கட்டிக்கொண்டு மலைமலையாக ஓடுகிறார்கள். 1993இல் அமெரிக்காவின் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் முதலில் வந்த விக்டோரியானோ சுரோ அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 55, காலில் அந்த டயர்ச் செருப்பு. 2017இல் மெக்சிகோவில் நடந்த 50 கி.மீ. மலை ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் ஜெயித்த லொரேனா ராமிரெஸ் பாவாடையும் செருப்புமாகத்தான் ஓடினார். அவ்வளவு தூரம் எதற்கு, நம் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறி இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! ஷூ காலைச் சோம்பேறியாக்குகிறது.

மலைமுகடு
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. அதிலும் ஷூவின் பெயர் இல்லை, இடம் இல்லை, விழுந்தது சேற்றிலா கல்லிலா என்பதும் இல்லை. இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

பொதுவாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். டிரெயில் ஷூ என்பது ஒரே சரக்கு இல்லை. அடியில் லக் என்று சொல்லும் ரப்பர் பற்கள் இருக்கும். காய்ந்த மண், ஜீப் பாதை என்றால் 3 மி.மீ. போதும். எல்லாம் கலந்து வரும் பாதைக்கு 4, 5. கால் புதையும் சேற்றுக்கு 6 முதல் 8 வரை போவார்கள். உயரத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, பல்லுக்குப் பல் இடைவெளியும் முக்கியம். நெருக்கமான பற்களுக்கு நடுவே களிமண் அடைத்துக்கொண்டால் அடிப்பாகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். அப்புறம் லக் இருந்தும் பிரயோஜனம் இல்லை. எட்டு மி.மீ. பல்லோடு காய்ந்த பாறையில் ஓடினாலும் ஆபத்து, தரையைத் தொடும் ரப்பர் குறைந்துபோகும், கால் ஆடும்.

சேலத்துக்காரன்
மன்னிக்கவும் சார், ஆபீஸில் இருந்தபடி அவசரத்தில் போட்டேன். சிக்மகளூர் பக்கம், காபி எஸ்டேட் வழியாக 30 கி.மீ. நவம்பர். ஷூ 9 சைஸ்.

கிழக்குக்கரை
சைஸ் கேட்கவில்லை தம்பி, என்ன மாடல்? விழுந்த இடம் எது?

குன்னூர்_கலா
தம்பி, இறக்கத்தில் விழுந்தேன் என்கிறீர்கள். குதிகால் முன்னால் வழுக்கிப் போய் பின்பக்கமாக உட்கார்ந்தீர்களா, பாதம் பக்கவாட்டில் மடங்கியதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முழுக்க ரப்பரா, நடுவில் ஃபோம் வெளியே தெரிகிறதா? இதைச் சொன்னால் போதும், மாடல் பெயர்கூட வேண்டாம்.

ஃபிசியோ_மணி
எல்லாரும் ஷூவிலேயே நிற்கிறோம். என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் கணுக்காலில் பலம் இல்லாததுதான் பிரச்சினை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். படியில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து நீளமாக எட்டு வைத்தால் எந்த ஷூ போட்டாலும் வழுக்கும். அடியைச் சின்னதாக்கி, வேகமாக மாற்றி வையுங்கள். எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும்.

இப்போது வரும் தடிமனான மெத்தை ஷூக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோட்டுப் போட்டிக்குக்கூட உலகத் தடகள அமைப்பு 40 மி.மீ. தடிமனுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு ஒரு கல்லை ஓரமாக மிதித்தால் கணுக்கால் மடங்க எவ்வளவு நேரமாகும்?

மழைக்காதலன்
நவம்பர் என்றால் ஈரம். கோர்டெக்ஸ் என்ற தண்ணீர் புகாத துணி வைத்த வாட்டர்ப்ரூஃப் டிரெயில் ஷூ வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

குன்னூர்_கலா
வாட்டர்ப்ரூஃப் வேண்டாம் தம்பி. ஓடையில் ஒரு தடவை காலை வைத்தால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வராது. மீதித் தூரம் முழுக்கச் சளக் சளக் என்று, ஊறிப்போன தோலோடு ஓட வேண்டியதுதான். வலைத்துணி ஷூ நனையும், ஆனால் ஓட ஓடத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலத்தில் ஓடுகிறவர்கள் யாரும் வாட்டர்ப்ரூஃப் போடுவதில்லை.

மழைக்காதலன்
அக்கா, இமயமலைப் பக்கம் ட்ரெக்கிங் போனபோது எனக்கு அதுதான் கை கொடுத்தது.

குன்னூர்_கலா
பனியில் நடப்பதற்குச் சரி, குளிரில் கால் நனையாமல் இருப்பது அங்கே முக்கியம். இவர் போவது காபித் தோட்டத்துச் சேற்றுக்கு.

மலைமுகடு
வேலு அவர்களுக்கு ஒரு பதில். ராராமுரி கதையை இங்கே எல்லா இழையிலும் கொண்டுவருகிறீர்கள். டயர் என்பதே சாலையைப் பிடிக்கச் செய்த தடித்த ரப்பர் என்பதை மறந்துவிட்டீர்கள். கல் குத்தாமல் இருக்க அதுவே கவசம். டிரெயில் ஷூவில் ராக் பிளேட் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்களே, அதற்கும் அதே வேலைதான். அப்புறம், அந்த மக்கள் நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து மலையில் ஓடுகிறவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவர் ஒரே மாதத்தில் அந்தக் காலை வாங்கிவிட முடியாது.

வெறுங்கால்_வேலு
காலைப் பழக்கலாம் என்றுதான் நானும் சொல்கிறேன். அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஜெயிக்கவில்லையா?

மலைமுகடு
ரோமில் அவர் ஓடியது நகரத்துச் சாலையில். 1964இல் டோக்கியோவில் மறுபடி ஜெயித்தபோது காலில் ஷூ இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெறுங்கால்_வேலு
இரண்டிலும் ஜெயித்தாரே, அப்படியென்றால் ஷூ முக்கியமில்லை என்றுதானே அர்த்தம்?

கிழக்குக்கரை
இருவரும் இதைத் தனி இழையில் பேசுங்கள். கேள்வி கேட்டவர் எங்கே போனார்?

சேலத்துக்காரன்
இருக்கிறேன். விழுந்தது ஏற்காட்டில், எஸ்டேட் வழி. முந்தின நாள் மழை. சிவப்பு மண். குதிகால்தான் முன்னால் ஓடியது, பின்பக்கமாக உட்கார்ந்தேன். ஷூ அடியில் நடுவில் வெள்ளை ஃபோம், முன்னாலும் குதிகாலிலும் மட்டும் ரப்பர். குதிகால் ரப்பரில் கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ஃபோமில் சின்னக் கற்கள் குத்தி ஏறியிருக்கின்றன. இன்னொன்று, இரண்டு பெருவிரல் நகமும் நீலமாகிவிட்டது. அதற்கும் ஷூதான் காரணமா?

குன்னூர்_கலா
இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

காய்ந்த நாளில், ஜீப் போகிற பாதையில் ஓடுவதற்கு ரோடு ஷூ போதும். நிறையப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள். அந்த வகையில் உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் போகும் இடமும் மாதமும் வேறு. சிக்மகளூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகும் அக்டோபர், நவம்பரில் விட்டு விட்டுப் பெய்யும். காபிச் செடிக்கு மேலே சில்வர் ஓக்கும் மற்ற நிழல் மரங்களும் மூடியிருப்பதால் மழை நின்றாலும் மண் லேசில் காயாது. ஊறிய இலை மேலே, களிமண் கீழே. அங்கே ஏற்றத்தை எப்படியும் சமாளித்துவிடலாம், இறக்கத்தில்தான் ஷூ தேவைப்படும். நல்ல டிரெயில் ஷூவைத் திருப்பிப் பார்த்தால் முன்பாதத்துப் பற்கள் ஒரு திசையைப் பார்த்திருக்கும், குதிகால் பற்கள் எதிர்த்திசையைப் பார்த்திருக்கும். முன்னது ஏறும்போது மண்ணைத் தள்ள, பின்னது இறங்கும்போது பிரேக் பிடிக்க. உங்கள் ஷூவில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது அந்தப் பிரேக் பிடிக்க வேண்டிய இடம். மணி சொல்கிற பயிற்சியையும் விடாதீர்கள், ஆனால் அந்தக் குதிகாலோடு ஈரக் களிமண்ணில் யார் இறங்கினாலும் வழுக்கும்.

நகம் நீலமானதற்கு ஷூவின் வகை காரணம் இல்லை. இறக்கத்தில் பாதம் முன்னால் நகர்ந்து விரல் மோதுகிறது. ஷூ வாங்க சாயங்காலம் போங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அப்புறம் லேஸ். கணுக்காலுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு துளை, யாரும் கோர்க்காமல் விட்டிருப்போமே, அதில் அந்தந்தப் பக்கத்து லேஸையே திரும்பச் செருகிச் சின்ன வளையம் ஆக்குங்கள். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது, விரலும் போய் மோதாது.

ஈரப் பாறையில் மட்டும் எந்த ஷூவையும் நம்பாதீர்கள். பாசி பிடித்த கல்லென்றால் நடந்து போங்கள்.

மலைமுகடு
கலா மேடம் சொல்வது சரி. இவருக்கு 4 அல்லது 5 மி.மீ., பற்கள் தள்ளித் தள்ளி இருக்கும் மாடல். ராக் பிளேட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் 30 கி.மீ.க்குப் பரவாயில்லை. ஆஃபர் முடிகிறது என்று போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கோவை, பெங்களூர் டெகாத்லான் கடைகளில் குறைந்த விலையிலேயே டிரெயில் ஷூ கிடைக்கிறது, போட்டு நாலு எட்டு ஓடியும் பார்க்கலாம்.

கிழக்குக்கரை
எது வாங்கினாலும் போட்டியன்று புதிதாகப் போடாதீர்கள். இரண்டு மூன்று நீள ஓட்டமாவது அதில் ஓடிவிடுங்கள். ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சிக்கு என்ன ஏற்பாடு?

மழைக்காதலன்
முட்டி வரை வரும் லீச் சாக்ஸ். அது இல்லையென்றால் கையில் கொஞ்சம் உப்பு.

வெறுங்கால்_வேலு
நான் இன்னும் என் கருத்தில்தான் இருக்கிறேன். போட்டி முடிந்த பிறகாவது வாரத்தில் ஒரு நாள் புல்தரையில் வெறுங்காலோடு மெதுவாக ஓடிப் பழகுங்கள் நண்பரே. அது எந்த ஷூவுக்கும் விரோதம் இல்லை.

ஃபிசியோ_மணி
இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். மெதுவாக, கொஞ்சமாக.

கிழக்குக்கரை
சேலத்துக்காரரே, என்ன முடிவு செய்தீர்கள்? ஆளையே காணோம்.

சேலத்துக்காரன்
மன்னிக்கவும், ஆடிட் வேலை. பெங்களூர் போனபோது போட்டுப் பார்த்தே வாங்கிவிட்டேன், 4 மி.மீ., அரை சைஸ் பெரிது. ஆன்லைன் ஆஃபரை விட்டுவிட்டேன். நேற்று அதே ஏற்காட்டு இறக்கம், மண் ஈரமாகத்தான் இருந்தது, ஒரு இடத்திலும் குதிகால் ஓடவில்லை. கல்லில் மட்டும் ஒரு தடவை லேசாக வழுக்கியது. நகம் இன்னும் வலிக்கிறது. எல்லாருக்கும் நன்றி, கலா அக்காவுக்குத் தனியாக.

குன்னூர்_கலா
நல்லது தம்பி. லேஸை நான் சொன்னபடி கட்டினீர்களா? கட்டியும் வலிக்கிறதென்றால் அது பழைய அடியின் வலியாக இருக்கலாம். கட்டாமல் ஓடியிருந்தால் அடுத்த ஓட்டத்துக்கு முன் கட்டிப் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள்.